முதல் பயணம் திருமுக்கூடல் வரை

சின்ன காஞ்சிபுரம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஒரகடத்தில் வேலைக்குச் சேர்ந்ததும் புல்லட் வாங்கினாய். அப்புறம் அதற்கு ஒரு சைடுகார் மாட்டினாய். இப்போது உன் நாய் மணியை அதில் ஏற்றிக்கொண்டு ஏலகிரிக்குப் போய்க் கூடாரம் போடப் போகிறாயாம். உன் அம்மா நேற்று என் பட்டறைக்கே வந்துவிட்டாள். "நீ சொன்னாத்தான் கேப்பான், வேணாம்னு சொல்லுடா" என்றாள். வேண்டாம் என்று நான் சொல்லப் போவதில்லை. ஏலகிரி மட்டும் இப்போதைக்கு வேண்டாம்.

சைடுகார் என்றால் என் வயதுக்காரர்களுக்கு 'ஷோலே' படம்தான் ஞாபகம் வரும். எண்பதுகளில் ஸ்கூட்டரில் பெட்டி மாட்டி, மனைவி மக்களோடு வரதராஜர் கருட சேவைக்கு வந்து இறங்குவார்கள். கார் வாங்க வழியில்லாதவன் அன்று பெட்டி மாட்டினான். இன்று கார் வாங்க முடிந்தவன்தான் மாட்டுகிறான்! போகட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். பெட்டி மாட்டிய அன்றே புல்லட் உனக்குப் பழகிய வண்டி இல்லை என்றாகிவிட்டது. இரண்டு சக்கரத்தில் வளைவில் உடம்பைச் சாய்ப்பாய், வண்டியும் சாயும். இது சாயாது. ஹேண்டிலைத் தோள் வலிக்க இழுத்துத்தான் திருப்ப வேண்டும். ஆக்சிலேட்டரை முறுக்கினால் பெட்டி பின்தங்கி வண்டியை இடப்பக்கம் இழுக்கும். பிரேக் பிடித்தால் நேர்மாறு. உன் பெட்டிச் சக்கரத்துக்கு பிரேக் இல்லை. வண்டி நின்றாலும் பெட்டி முன்னே போகப் பார்க்கும், வண்டி வலப்பக்கம், அதாவது எதிரே வரும் பஸ்ஸை நோக்கித் திரும்பும்.

இன்னொன்று. பெட்டி இடப்பக்கம் இருப்பதால் இடது திருப்பத்தில் கொஞ்சம் வேகம் கூடினாலும் பெட்டிச் சக்கரம் தரையை விட்டு எழும்பும். சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிற நமக்கு, மலைப்பாதையில் மிக நெருக்கமாக வளைகிறதும் அதே இடது வளைவுதான். ஏலகிரியில் 14 கொண்டை ஊசி வளைவு. ஏன் வேண்டாம் என்கிறேன் என்று புரிகிறதா?

பெட்டி காலியாக இருக்கும்போது இந்த ஆபத்து இன்னும் அதிகம். அதனால் முதலில் மணியின் எடைக்கு ஒரு மணல் மூட்டையைக் கட்டி, ஆளில்லாத மைதானத்தில் ஓட்டிப் பழகு. மூட்டை அசையாது, மணி அசைவான். அந்த வித்தியாசத்தையும் மனதில் வை.

பொருத்துவதிலும் கணக்கு இருக்கிறது. பெட்டிச் சக்கரம் முன்பக்கம் சற்றே வண்டியை நோக்கி உள்வாங்கியிருக்க வேண்டும். வண்டி பெட்டிக்கு எதிர்ப்பக்கம் லேசாகச் சாய்ந்து நிற்க வேண்டும். உன் தாத்தா கோர்வைச் சேலை நெய்ததைப் பார்த்திருக்கிறாய். உடம்புக்கு ஒரு நாடா, கரைகளுக்கு இரண்டு. கரையில் உட்கார்ந்த பையன் இழுப்பைக் கொஞ்சம் விட்டாலும் சேலை முழுக்கச் சுருங்கும். இதுவும் அப்படித்தான். அளவு தப்பினால் ஹேண்டில் எப்போதும் ஒரு பக்கம் இழுக்கும், டயர் சீக்கிரம் தேயும். ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி. புத்தகத்தில் ஏற்றினாயா? மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு அதைக் கேட்கிறது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரனும் அதைத்தான் முதலில் கேட்பான்.

இனி மணி. அவனுக்கு உள்ளங்காலில்தான் வியர்வை; மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். அவன் உடம்புச் சூடு சாதாரணமாகவே 101, 102 டிகிரி பாரன்ஹீட். 105ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. எச்சில் கெட்டியாகி, ஈறு செக்கச்செவேல் என்று ஆகி, நடை தள்ளாடினால் உடனே நிழலில் இறக்கு. சாதாரணத் தண்ணீரை வயிற்றிலும் தொடையிடுக்கிலும் ஊற்று, காற்று படும்படி வை, டாக்டரிடம் ஓடு. ஆகவே விடியற்காலையில் கிளம்பி ஒன்பது மணிக்குள் நிறுத்திவிட வேண்டும். மறுபடி எடுப்பது வெயில் தாழ்ந்த பிறகு. அவன் இறங்கும் இடத்தில் முதலில் உன் புறங்கையைத் தாரில் வைத்துப் பார்.

கழுத்துப் பட்டையில் கட்டாதே. எட்டிக் குதித்தால் தூக்கில் தொங்குவான். மார்போடு அணைக்கும் வார் வாங்கி, பெட்டியின் தரையோடு குட்டையாகக் கட்டு. பழக்குவது எப்படி என்று கேட்காதே, சோறுதான்! இன்ஜினை நிறுத்தி வைத்துப் பெட்டிக்குள் சோறு வை; அவனே ஏறித் தூங்கட்டும். பிறகு இன்ஜினை ஓடவிடு. தறிச் சத்தத்தில் வளர்ந்தவன், பயப்பட மாட்டான் என்றுதான் நினைக்கிறேன்.

படுக்கிற இடம்? காட்டுக்குள் வேண்டவே வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் கருகியது உனக்கே தெரியும். நாயோடு போனால் இன்னொரு பாவமும் உண்டு. அதே 2018இல் குஜராத்தின் கிர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் செத்தன. நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் வைரஸ் அவற்றிடம் இருந்தது. மணிக்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும் காடு அவன் இடமில்லை. சிறுத்தைக்கு நாய் என்றால் கொள்ளை ஆசை வேறு.

முதல் தடவை திருமுக்கூடலுக்குப் போ. வாலாஜாபாத் பக்கம்தான், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடம். ஆற்றுமணலில் கூடாரம் அடிக்காதே. பம்புசெட் தோப்பு எதற்காவது சொந்தக்காரரைப் பார்த்து, கேட்டுப் படு. கேட்டால் பெரும்பாலும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள், மோரும் கிடைக்கும். ராத்திரி ஊர் நாய்கள் கூட்டமாக வரும், மணியைக் கூடாரத்துக்குள்ளேயே கட்டு. கூட ஒரு சிநேகிதனைக் கூட்டிப் போ. நாயோடு அந்த ஊர்க் கோயிலுக்குள் போக முடியாது, வெளியே தனியாகக் கட்டிப்போடவும் கூடாது. அங்கே வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டில் அந்தக் கோயிலோடு சேர்ந்து 15 படுக்கையோடு ஓர் ஆதுலர் சாலை, அதாவது ஆஸ்பத்திரி, நடந்ததைச் சொல்கிறது. வைத்தியர், மருந்து எல்லாம் கணக்கெழுதி வைத்திருக்கிறார்கள். பார்க்காமல் வராதே. மனுஷனுக்கு அன்றே படுக்கை போட்ட ஊர்தான், ஆனால் மணிக்குக் கால்நடை டாக்டர் அந்தப் பக்கம் எங்கே இருக்கிறார் என்பதைக் கிளம்புவதற்கு முன் விசாரித்து, நம்பரை வாங்கி வை.

ஞாயிற்றுக்கிழமை வண்டியைப் பட்டறைக்குக் கொண்டு வா, சக்கரத்தை அளந்து பார்த்துவிடலாம். மணியையும் கூட்டி வா. எடை பார்க்க வேண்டும், பக்கத்து அரிசி மண்டியில் தராசு இருக்கிறது. அக்காவிடம் ஏலகிரி இல்லை என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். மீதியை நீயே சொல்.

உன் மாமா