கொலஸ்ட்ராலைக் குறைக்கும் தாவர ஸ்டெரால்: சோலூர் சமையலறைக்கு ஒரு வழிகாட்டி

எண்ணெய் வித்துகள், பருப்புகள், தானியங்கள் எல்லாவற்றிலும் இருக்கும் தாவர ஸ்டெரால் அமைப்பில் கொலஸ்ட்ராலை ஒத்தது. குடலில் கொலஸ்ட்ராலோடு போட்டியிட்டு, அது ரத்தத்தில் சேருவதைக் குறைக்கும். தினம் 2 கிராம் உள்ளே போனால், எல்.டி.எல். எனும் கெட்ட கொழுப்பு சுமார் 8 முதல் 10 சதவீதம் இறங்கும். வழக்கமான சாப்பாட்டில் கிடைப்பதோ 200 முதல் 400 மில்லிகிராம்தான். அதைக் கூட்டும் வழி இது.

1. முதலில் ரத்தப் பரிசோதனை. ஸ்டெரால் குறைப்பது முக்கியமாக எல்.டி.எல்.லை. டிரைகிளிசரைடு எனும் ரத்தக் கொழுப்பு மட்டும் ஏறியிருந்தால் சர்க்கரை, மது, அளவுக்கு மீறிய சோறு ஆகியவற்றைத்தான் கவனிக்க வேண்டும்.

2. எண்ணெயை மாற்றுங்கள். ரேஷன் பாமாயிலில் ஏறக்குறைய பாதி நிறைகொழுப்பு, ஸ்டெரால் சொற்பம். தவிட்டு எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் ஸ்டெரால் அதிகம். முழுதாக மாற்ற விலை இடம் தராவிட்டால் தாளிப்புக்காவது இவற்றை வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு நாளைக்கு நான்கு தேக்கரண்டி போதும். ஸ்டெராலுக்காகக் கூடுதலாக ஊற்ற வேண்டாம்.

3. டீயோடு வர்க்கி வேண்டாம். டால்டாவில் பிசைந்த வர்க்கியைத் தினமும் தின்றுகொண்டு எண்ணெயை மாற்றிப் பயனில்லை. தோட்ட வேலைக்கு நடுவே ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலையோ அவித்த அவரையோ போதும்.

4. எள்ளைச் சேருங்கள். இரண்டு மேசைக்கரண்டி எள்ளுப் பொடியைக் கீரையிலோ பீன்ஸ் பொரியலிலோ தூவலாம். ராகிக் களிக்கு அவரைக் குழம்பு இருக்கட்டும். அவரையின் நார்ச்சத்தும் எல்.டி.எல்.லைக் குறைக்கும்.

5. கணக்குப் பாருங்கள். நான்கு தேக்கரண்டி தவிட்டு எண்ணெய், அந்த எள், ஒரு கைப்பிடி கடலை: மூன்றும் சேர்ந்து 350 மில்லிகிராம் அளவுக்குத் தரும். 2 கிராமை வீட்டுச் சாப்பாட்டில் எட்ட முடியாது.

6. மீதிக்கு ஸ்டெரால் சேர்த்த உணவோ மாத்திரையோ என்றால் மருத்துவரைக் கேட்டே வாங்குங்கள். சாப்பாட்டோடு சேர்த்தால்தான் பலன். நாளைக்கு 3 கிராமைத் தாண்ட வேண்டாம். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இது வேண்டாம். இந்த அளவு ஸ்டெரால் கரோட்டினையும் கொஞ்சம் தடுக்கும். அதற்கு நம் தோட்டத்துக் கேரட்டைத் தினமும் ஒன்று தின்றால் சரியாகிவிடும்.

7. மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதியுங்கள். பலன் இரண்டு மூன்று வாரத்திலேயே தெரியத் தொடங்கும். நிறுத்தினால் அளவு பழையபடி ஏறிவிடும்.

ஸ்டெரால் மாரடைப்பைத் தடுக்கும் என்று நேரடியாக இன்னும் நிரூபிக்கப்படவில்லை. ஆகவே மருத்துவர் ஸ்டாடின் எனும் கொலஸ்ட்ரால் மாத்திரையை எழுதியிருந்தால் எள்ளை நம்பி அதை நிறுத்திவிடாதீர்கள்.