கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்த்தல்: மன்னார் நீருக்கேற்ற மீன்கள்

மன்னார்த் தீவினர்க்கு மீனைப் பற்றி எடுத்துரைத்தல் கொல்லன் தெருவில் ஊசி விற்பதை ஒக்கும். தலைமன்னார், பேசாலை, வங்காலை, அரிப்பு, சிலாவத்துறை ஆகிய ஊர்களில், எந்தக் காற்றுக்கு எந்த மீன் கரையை அணுகும் என்பதைச் சிறுவரும் அறிவர். ஆயினும் மீனைப் பிடிப்பதற்கு வேண்டிய அறிவு வேறு. அதனை வீட்டில் உயிரோடு பேணுவதற்கு வேண்டிய அறிவு வேறு. பேணுவோர் மீனினும் முன்னதாக நீரை அறிதல் வேண்டும். அவ்வறிவு இன்மையாலேயே ஆசையோடு வாங்கப்பட்ட மீன்கள் ஒரு மாதத்துள் மடிகின்றன. நம் ஊர் நீரை ஆராய்ந்து, அதற்கு இயைந்த மீனைத் தெரிவு செய்யும் முறையை ஈண்டு நோக்குவோம்.

தொட்டியின் தத்துவம்

1850 ஆம் ஆண்டில் இலண்டனில் வாழ்ந்த இரசாயன அறிஞர் ராபர்ட் வாரிங்டன் ஒரு பரிசோதனையை வெளியிட்டார். அவர் ஒரு பாத்திரத்தில் இரு தங்கமீன்களையும், நம் தாவரவியல் மாணவர் நன்கறிந்த வலிசினேரியாவையும் இட்டுவைத்தார். மீன் வெளிவிடும் காபனீரொட்சைட்டைத் தாவரம் ஏற்றது. தாவரம் வெளிவிடும் ஒட்சிசனை மீன் ஏற்றது. ஆயினும் அழுகிய இலைகளால் நீர் மாசுற்றது. பின்னர் அவர் குளத்து நத்தைகளை அதனுள் விட, அவை அழுகலை உண்டு நீரைத் தெளிவித்தன. 1853 இல் இலண்டன் விலங்கினச்சாலையில் பொதுமக்கள் காணுதற்குரிய மீன்காட்சிச்சாலை திறக்கப்பட்டது. வீட்டுத் தொட்டி நாடெங்கும் பரவியது அதன் பின்னரே.

வாரிங்டன் அறியாத ஒன்றைப் பிற்காலத்தார் கண்டனர். மீனின் கழிவிலிருந்து அமோனியா என்னும் நஞ்சு உண்டாகின்றது. மணலிலும் வடிகருவியிலும் குடியேறும் ஒருவகைப் பற்றீரியங்கள் அதனை நைத்திரைற்றாகவும், வேறொரு வகையின நைத்திரைற்றை நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. முதலிரண்டும் மீனைக் கொல்வன. மூன்றாவது பெரிதும் தீங்கற்றது. இப்பற்றீரியங்கள் பெருகுதற்கு நான்கு முதல் ஆறு கிழமைகள் செல்லும். தொட்டி வாங்கிய அன்றே மீனும் வாங்குவோர் இழப்படைதற்குக் காரணம் இதுவே.

தொட்டியை அமைத்தல்

60 சதமமீற்றர் நீளமும், 30 சதமமீற்றர் அகலமும், 30 சதமமீற்றர் உயரமும் உடைய தொட்டி தொடக்கத்திற்குப் போதியது. அது 54 இலீற்றர் கொள்ளும். நீரின் எடை மாத்திரமே ஏறத்தாழ 50 கிலோகிராம் ஆகுமாதலின், உறுதியான மேசையில் வைத்தல் அவசியம். வெயில் நேரே படும் சாளரத்தருகே வைத்தால் நீர் சூடேறும், பாசியும் மிகும். கடற்கரை மணலில் சிப்பித் துணுக்குகள் கலந்திருத்தலால் அது நீரின் வன்மையை மேலும் கூட்டும். ஆற்று மணலைப் பலமுறை கழுவி இடுதல் நன்று. வடிகருவியை இயக்கி, தாவரங்களை நட்டு, நாள்தோறும் ஒரு சிட்டிகை உணவை இட்டுவரின் பற்றீரியங்கள் வளரும். அதன் பின்னர் இரண்டு மூன்று மீன்களாகச் சேர்த்தல் வேண்டும்.

வெந்நாடாதலின் நமக்கு நீரைச் சூடேற்றும் கருவி வேண்டியதில்லை. நமக்குள்ள இடர் அதற்கு மறுதலையானது. 20 பாகை செல்சியசில் ஓர் இலீற்றர் நன்னீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஒட்சிசனைக் கொள்ள, 30 பாகையில் ஏழரை மில்லிகிராமே கொள்கின்றது. ஆகவே குளிர்நாட்டு நூல்கள் கூறும் தொகையிலும் குறைந்த மீன்களையே நாம் வைத்தல் தகும்.

நம் நீர்

தீவின் கிணறுகள் பலவற்றில் நீர் வன்மையுடையது. சில இடங்களில் சவர்த்தன்மையும் உண்டு. கேத்தலின் அடியிற் படியும் வெண்பொருக்கே அவ்வன்மைக்குச் சான்று. குழாய் நீராயின், அகன்ற பாத்திரத்தில் ஒருநாள் திறந்து வைத்துக் குளோரீனைப் போக்குதல் வேண்டும்.

சோளகக் காற்று வீசும் மாதங்களில் தொட்டி நீர் விரைவில் வற்றும். வற்றுவது நீரேயன்றி உப்பன்று. குறைந்த அளவைச் சவர்நீரால் நிரப்புந்தோறும் உப்புச் செறிவு ஏறிக்கொண்டே போகும். ஆதலின் மாரிமழை நீரைச் சேமித்து, வற்றியதை அதனால் ஈடுசெய்க. கிழமைக்கொருமுறை காற்பங்கு நீரை அகற்றிப் புதுநீர் வார்க்க.

மீனைத் தெரிதல்

இலங்கையின் தென்மேற்கு ஈரவலயத்து நிழலோடைகளில் வாழும் செந்நிறச் செரிப் பார்புமீனை, பி. இ. பி. தெரணியகல 1929 இல் விவரித்தார். அழகிற் சிறந்ததாயினும் அது மென்னீர் மீன். நம் கிணற்று நீரில் அது செழிப்பதில்லை. அமேசன் பகுதியின் நியோன் தெத்திராவும் அத்தகையதே. தங்கமீனோ குளிர்ந்த நீரை விரும்புவது, பெரிதாய் வளர்வது, கழிவு மிகுந்தது. இவற்றை விலக்குக.

நம் நீருக்கு இயைந்தவை கப்பியும் மொலியும் ஆகும். இரண்டும் வன்னீரில் தழைப்பன. சிறிது உப்பையும் பொறுப்பன. முட்டையிடாது குஞ்சு ஈனுவன. கப்பி ஏறத்தாழ நான்கு கிழமைக்கொருமுறை ஈனும் இயல்பினதாதலின், பெருக்கத்தையும் எண்ணித் தொடங்குக.

இவற்றினும் நமக்கு நெருங்கிய மீன் செம்மஞ்சட் குரோமைடு. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் களப்புக்களிலும் நன்னீரிலும் இயற்கையாக வாழும் இம்மீன் 8 சதமமீற்றர் அளவே வளரும். தாயும் தந்தையும் சேர்ந்து முட்டையையும் குஞ்சுகளையும் காக்கும் காட்சி மாணவர்க்கு நல்ல பாடமாகும். கப்பிக் குஞ்சுகளை இது இரையாக்குமாதலின், இரண்டையும் ஒரே தொட்டியில் விடலாகாது. இதன் இனமான பச்சைக் குரோமைடு 20 சதமமீற்றருக்கு மேல் வளர்வதாலும் தாவரங்களை உண்பதாலும் சிறு தொட்டிக்கு ஆகாது.

கடல் மீன்கள்

கடல் வாயிலில் இருக்க, கடல்மீனை ஏன் வளர்க்கலாகாது என வினவலாம். கடலில் வெப்பமும் உப்பும் மெல்லவே மாறுவன. சிறு தொட்டியிலோ ஒருநாட் காற்றில் மாறிவிடும். பவளப்பாறையில் வாழும் மீன் அம்மாற்றத்தைத் தாங்காது. 1998 இல் கடல்நீர் வெப்பமுற்றமையால் இந்து சமுத்திரத்துப் பவளங்கள் பெருமளவில் வெளிறி அழிந்தன. எஞ்சியவற்றை அலங்காரத்திற்காக உடைத்தெடுத்தல் அறமும் அன்று, சட்டத்தாலும் தடுக்கப்பட்டது. எதிர்க்கரையில், மண்டபத்திலுள்ள கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கோமாளி மீனைத் தொட்டியிலேயே இனம்பெருக்கிக் காட்டியுள்ளனர். கடல்மீனை விரும்புவோர், போதிய பயிற்சி பெற்றபின், அவ்வாறு வளர்க்கப்பட்டவற்றையே நாடுதல் வேண்டும்.

கிணறும் குளமும்

மீன் வளர்ப்பு வெறும் பொழுதுபோக்கன்று என்பதற்கு மன்னாரே சான்று. 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் உறுதிப்படுத்தியது. அவ்வாண்டின் இறுதியிலேயே, இந்நாட்டில் முன்னர் காணப்படாத அனோபிலீசு ஸ்டீபென்சி என்னும் நுளம்பு மன்னார்த் தீவின் கிணறுகளிற் கண்டறியப்பட்டது. இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்புவது இந்நுளம்பே. கிணற்றிலுள்ள நுளம்புக் குடம்பிகளை உண்ணும் கப்பி போன்ற சிறுமீன்களை விடுதல், இதனைத் தடுக்கும் வழிகளுள் ஒன்றாகும். சுகாதார அலுவலரின் ஆலோசனையுடன் செய்யப்படின் இது ஊருக்குப் பேருதவி.

கிணற்றுக்குப் பொருந்துவது குளத்துக்குப் பொருந்தாது. தொட்டியில் மிகுந்த மீன்களைக் கட்டுக்கரைக்குளத்திலோ அருவியாற்றிலோ விடுதல் பெருந்தீங்கு. பாசியைத் தின்னும் என விற்கப்படும் உறிஞ்சுவாய் மீனும், கத்தி போன்ற உடலையுடைய அந்நிய மீனும் இவ்வாறு தொட்டியினின்று வெளியேறி இலங்கை நீர்நிலைகளிற் பெருகி, நாட்டு மீன்களுக்கு இடையூறு விளைக்கின்றன. மிகுந்தவற்றை வேறு வளர்ப்போர்க்குக் கொடுத்தலே முறை.

தொட்டியுள் அடைபட்ட உயிர், நீர் கெடுமாயின் வேறிடம் செல்ல வழியற்றது. நம் அறிவு ஒன்றே அதற்குக் காவல். நம் கல்லூரியின் விஞ்ஞான கூடத்தில் மாணவர் ஒரு தொட்டியை அமைத்து, நீரின் வெப்பத்தையும் வன்மையையும் நாள்தோறும் பதிந்து வருவாராயின், நூலிற் கற்ற இரசாயனமும் உயிரியலும் அவர்தம் கண்முன்னே விளங்கும். அதற்கு வேண்டிய பொருளை உதவுதல் பழைய மாணவராகிய நமக்கு அரிதன்று.