பார்த்த பிறகு கழற்று

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். உன் கடிதம் கிடைத்தது. அப்பாவின் அம்பாசடர் மழைக்காலத்திலிருந்து ஷெட்டிலேயே நிற்கிறது, செல்ஃப் அடித்தால் என்ஜின் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கமாட்டேன் என்கிறது என்று எழுதியிருக்கிறாய். வந்து பார்த்த மெக்கானிக் கார்புரேட்டர், காயில், டெல்கோ (டிஸ்ட்ரிபியூட்டர்) மூன்றையும் புதிதாகப் போடச் சொன்னாராம். வாங்கட்டுமா என்று கேட்கிறாய். வேண்டாம். இப்போதைக்கு ஒரு சாமானும் வாங்காதே.

அது 1976 மாடல், மார்க் 3. உள்ளே இருப்பது 1489 சிசி பெட்ரோல் என்ஜின். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரோடு நம் ஊருக்கு வந்த வம்சம். கம்ப்யூட்டர் இல்லை, சென்சார் இல்லை. எங்கே பழுது என்பதைக் கண்ணாலும் காதாலும் கண்டுபிடித்துவிடலாம். நிறுத்தும்போது நன்றாக ஓடிய வண்டி அது. நின்ற இடத்தில் மூன்று பெரிய சாமான்கள் ஒரே சமயத்தில் கெட்டுப்போகாது. ஏதோ ஒன்றுதான் தடுக்கிறது. அது எது என்று தெரியும்வரை ஸ்பானரைத் தொடாதே.

பானெட்டைத் திறந்ததும் முதலில் பெட்ரோல் வாடை வருகிறதா என்று பார். இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. பழைய ரப்பர் ஹோஸ்களுக்கு அது ஒத்துக்கொள்வதில்லை; ஊறி, வெடித்து, கசியும். ஹோஸை மடக்கிப் பார்த்து வெடிப்பு தெரிந்தால், அதை மாற்றாமல் செல்ஃப் அடிக்கவே கூடாது. இதில் மட்டும் என் பேச்சை மீறாதே. பக்கத்தில் தீயணைப்பு சிலிண்டர் ஒன்று இருக்கட்டும். கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும், ஹேண்ட் பிரேக் போட்டிருக்க வேண்டும்.

அடுத்து பேட்டரி. என்ஜின் சுற்றுகிறதே, பேட்டரி நன்றாகத்தானே இருக்கிறது என்று நினைப்பாய். அப்படி இல்லை. பேட்டரி சோர்ந்திருந்தால் செல்ஃபே கரண்ட் முழுவதையும் இழுத்துக்கொள்ளும், காயிலுக்கு மிச்சம் கிடைக்காது. என்ஜின் சுற்றும், பொறி வராது. சும்மா இருக்கும்போது மீட்டர் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது பத்துக்குக் கீழே வெகுவாக இறங்கினால், ராத்திரி முழுக்க சார்ஜில் போடு. டெர்மினல்களில் பூத்திருக்கும் வெள்ளையையும் பச்சையையும் வெந்நீர் ஊற்றிக் கழுவு. என்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையையும் கழற்றி, இரண்டு முனையையும் தேய்த்து மாட்டு. பேட்டரியைக் கழற்றுமுன் எந்த முனை எர்த்தில் இருக்கிறது என்று குறித்துக்கொள்.

இனி பொறி. என் சந்தேகமெல்லாம் இங்கேதான். காயிலிலிருந்து டெல்கோ மூடியின் நடுவே வரும் தடித்த வயரை மூடியிலிருந்து உருவு. ரப்பர் கைப்பிடி போட்ட இடுக்கியால் பிடித்து, அதன் நுனியை என்ஜின் இரும்புக்குக் கால் அங்குலம் தள்ளி வைத்துக்கொண்டு தம்பியை செல்ஃப் அடிக்கச் சொல். நீல நிறத்தில் பட் பட் என்று தாவினால் காயில் நன்றாக இருக்கிறது, அதை மாற்றச் சொன்னது வீண். மஞ்சளாக மெலிந்து வந்தாலோ, வராமலே போனாலோ, டெல்கோவின் இரண்டு கிளிப்புகளையும் தள்ளி மூடியைக் கழற்று. உள்பக்கம் பென்சில் கோடு போல மெல்லிய கருங்கோடு ஓடியிருந்தால் மூடியில் கீறல் என்று அர்த்தம். ரோட்டரை மேலே இழுத்தால் வந்துவிடும். அதற்கு அடியில்தான் பிளாட்டினம் என்று நாம் சொல்லும் கான்டாக்ட் பாயின்ட்.

மாதக்கணக்கில் நின்ற வண்டியில் பிளாட்டினத்தின் இரு முகங்களிலும் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் பிடித்திருக்கும். உற்றுப் பார்த்தால்தான் தெரியும். அவ்வளவு மெல்லிய படலம் கரண்டை முழுதாக நிறுத்திவிடும். அது இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி சொல்கிறேன். பன்னிரண்டு வோல்ட் பல்பு ஒன்றில் இரண்டு வயர் கட்டு. ஒரு வயரைக் காயிலில் டெல்கோவுக்குப் போகும் பக்கத்து முனையில் வை, மற்றதை எர்த்தில் வை. சாவியைப் போட்டு என்ஜினை மெல்லச் சுற்று. பிளாட்டினம் திறக்கும்போது பல்பு எரிய வேண்டும், மூடும்போது அணைய வேண்டும். மூடிய பிறகும் எரிந்துகொண்டே இருந்தால் படலம் காரணம், அல்லது டெல்கோவுக்குள் போகும் சின்ன வயர் அறுந்திருக்கிறது. எரியவே இல்லை என்றால் காயிலுக்குக் கரண்டே வரவில்லை, அல்லது கண்டன்சரோ உள்ளே போகும் வயரோ எர்த் ஆகிவிட்டது. டெல்கோவுக்குள் போகும் அந்தச் சின்ன வயரை விரலால் லேசாக ஆட்டிப் பார். மேலுறை முழுதாக இருக்க, உள்ளே கம்பி மட்டும் அறுந்திருக்கும். எத்தனையோ பேரை ஏமாற்றிய வயர் அது.

படலம்தான் என்றால் பிளாட்டினத்துக்கு நடுவே மெல்லிய எமரியை விட்டு நாலு இழுப்பு இழு. பிறகு சுத்தமான வெள்ளைக் காகிதத்தைச் செருகி உருவு. காகிதத்தில் கறை வராத வரைக்கும் செய். இடைவெளி முழுதாகத் திறந்திருக்கும் நிலையில் பதினைந்து தவ் (அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் பதினைந்து பங்கு) இருக்க வேண்டும். ஃபீலர் கேஜ் அப்பாவின் டூல் பாக்ஸில் இருக்கும்.

எலெக்ட்ரானிக் இக்னிஷன் போட்டால் இந்தத் தொல்லையே இல்லை என்று உனக்குச் சொல்வார்கள். அது நல்ல சாமான்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அறுந்த வயரை வைத்துக்கொண்டு அதைப் போட்டால், பழுதை மூடி மறைத்ததாகத்தான் ஆகும். முதலில் வண்டி இப்போதிருக்கும் சாமான்களோடு ஓடட்டும். பிறகு உனக்கு விருப்பமானால் மாற்றிக்கொள்.

பொறி நன்றாக வந்தும் பிடிக்கவில்லை என்றால் பிளக்கைக் கழற்று. கழற்றுமுன் நான்கு வயர்களிலும் பிளாஸ்டர் ஒட்டி எண் எழுது. இந்த என்ஜின் 1-3-4-2 வரிசையில் வெடிப்பது. வயர் மாறினால் இல்லாத நோய் ஒன்று புதிதாகச் சேரும். பிளக் நனைந்திருந்தால் பெட்ரோல் அதிகம். துடைத்துக் காயவைத்து, சோக்கை இழுக்காமல் அடித்துப் பார். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. அப்போது கார்புரேட்டருக்குப் போகும் பைப்பைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு செல்ஃப் அடி. அதற்கு முன் காயில் வயரை உருவி எர்த் செய்துவிடு, பொறி எங்கும் தெறிக்கக் கூடாது. பெட்ரோலை ஏற்றும் ஏசி பம்பு நன்றாக இருந்தால் விட்டு விட்டுப் பீச்சும். பாட்டிலில் விழுவது பழுப்பாக, வார்னிஷ் வாடையோடு இருந்தால் டாங்க்கைக் காலி செய்துவிட்டுப் புதுப் பெட்ரோல் ஊற்று.

பம்பு பீச்சியும் பிளக் காய்ந்திருந்தால் ஃப்ளோட் சேம்பரின் ஊசி ஒட்டியிருக்கலாம். ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் சேம்பரின் பக்கத்தில் இரண்டு தட்டு தட்டினால் பெரும்பாலும் விட்டுவிடும். அப்பா மாட்டி வைத்திருக்கும் எஸ்யூ கார்புரேட்டரில் பிஸ்டனை விரலால் தூக்கி விட்டால் டொக்கென்று விழ வேண்டும். விழுந்தால் அதை மாற்ற ஒரு காரணமும் இல்லை.

ஒரு வேலை செய்தால் ஒருமுறை செல்ஃப் அடித்துப் பார், பிறகு அடுத்ததற்குப் போ. இரண்டை ஒன்றாகச் செய்து வண்டி பிடித்துவிட்டால் எதனால் பிடித்தது என்று உனக்குத் தெரியாமலே போய்விடும். பார்த்ததையெல்லாம் நோட்டில் எழுது. அப்பாவும் அப்படித்தான் எழுதிவைப்பான். டேஷ் போர்டு அறையில் தேடு, அவன் நோட்டு இருக்கும். பிளாட்டினத்தையும் கண்டன்சரையும் கடைசியாக எப்போது மாற்றினான் என்று அதைப் பார்த்துச் சொல். கண்டன்சர் வேண்டியிருந்தால் கார் சாமான் கடைகள் நிறைந்த ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் நானே பார்த்து வாங்கி அனுப்புகிறேன். புதியது வந்தாலும் பழையதைத் தூக்கிப் போடாதே.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து செய்யுங்கள். பல்பு எரிந்ததா, பொறி என்ன நிறம் என்ற இரண்டையும் முதலில் போனில் சொல்.

அன்புடன்,
பெரியப்பா