மின்படிவம் கணக்குப்பிள்ளை ஆகாது

அண்மையில் ஜும்ஆ முடிந்து வரும் வழியில், பாத்திரக்கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "இனி கொப்பி, பேனை ஒண்டும் வேணாம் நானா. மகன் போன்லயே போம் ஒண்டு செஞ்சு தந்திருக்கான். கணக்கெல்லாம் அதுவே பாத்துக்கொள்ளுமாம்" என்றார். அவருடைய சந்தோஷத்தைக் கெடுக்க மனமில்லாமல் தலையாட்டிவிட்டு வந்தேன். நானும் ஒரு காலத்தில் இதையே நம்பியவன்தான். அதனால் பட்ட வெட்கத்தை எழுதினால் அவருக்கும், அவரைப் போன்ற ஏனைய வியாபாரிகளுக்கும் பிரயோசனமாக இருக்கும் என்றே இதை எழுதுகிறேன்.

கணனியிலோ கையடக்கத் தொலைபேசியிலோ கேள்விகளைப் போட்டு, பதில்களைச் சேகரித்துத் தருவதே மின்படிவ மென்பொருள். மைக்ரோசொப்ட் நிறுவனம் 2003இல் 'இன்போபாத்' என்ற பெயரில் காரியாலயங்களுக்கென இப்படியொன்றை வெளியிட்டது. 2008இல் கூகுள் தனது இலவச அட்டவணையோடு படிவத்தையும் சேர்த்துத் தந்தபோதுதான் அது எம் போன்றோரின் கைக்கு எட்டியது. படிவத்தை ஒருவர் நிரப்பி அனுப்பினால், அது அட்டவணையில் ஒரு வரியாகப் போய் விழும். படிவத்தின் வேலை அவ்வளவுதான். இன்னாரிடம் இவ்வளவு பாக்கி என்று அது தானாகச் சொல்லாது. எழுதப்பட்டது சரியா பிழையா என்றும் அதற்குத் தெரியாது.

எமது புடைவை மொத்த வியாபாரத்தில் வெளியூர் ரெப்மார் வசூலிக்கும் பணத்தைப் பதிய 2018இல் இப்படியொரு படிவம் செய்தோம். கடையின் பெயர், தொகை, திகதி என்று மூன்றே கேள்விகள். கடையின் பெயரை ரெப் தன் விருப்பப்படி தட்டெழுதுவார். ஒரே கடை ஆங்கிலத்தில் நான்கு விதமான எழுத்துக்கூட்டலில் பதிவானது. ஒரே பெயரில் குருநாகலில் ஒரு கடையும் அக்கரைப்பற்றில் ஒரு கடையும் எமக்கு வாடிக்கை. அக்கரைப்பற்றுக் கடைக்காரர் கொடுத்த 45,000 ரூபாவைக் காரியாலயத்துப் பிள்ளை குருநாகல் கணக்கில் கழித்துவிட்டார். பிறகு அக்கரைப்பற்றுக்கே தொலைபேசி எடுத்து, பாக்கி கேட்டிருக்கிறார்.

அந்த மனிதர் இரவு பஸ்ஸில் ஏறி, காலையில் கடை திறக்கும்போது வந்து நின்றார். மேசையில் எமது ரசீதை வைத்துவிட்டு, "ஹாஜியார், பதினெட்டு வருஷமா உங்கட கடையில சாமான் எடுக்கன். குடுக்காத காச குடுத்தண்டு நான் ஒரு நாளும் சொன்னல்ல" என்றார். தேநீர் கொடுத்தோம், குடிக்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன், ஏற்றுக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகு அவர் எடுக்கும் சரக்கு பாதியாகிவிட்டது. படிவத்தைக் குறைசொல்லித் தப்ப எனக்கு வழியில்லை. இரண்டு கடைகளையும் பிரித்தறிய ஒரு கேள்வியை நான்தான் வைக்கவில்லை.

கடனை எழுதி வைக்கச் சொல்லும் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனமே அல்குர்ஆனில் மிக நீளமானது. எழுதுபவர் நீதியாக எழுத வேண்டும் என்பதும் அந்த வசனத்திலேயே உண்டு. எழுதும் வேலையைப் போனிடம் கொடுத்தாலும் அந்தப் பொறுப்பு முதலாளியை விட்டுப் போகாது.

பின்னர் ஒவ்வொரு கடைக்கும் ஒரு குறியீட்டு இலக்கம் கொடுத்தோம். ரெப் பெயரைத் தட்டெழுதத் தேவையில்லை. பட்டியலில் ஊரோடும் இலக்கத்தோடும் உள்ளதைத் தெரிவு செய்தால் போதும். எங்கள் சமூகத்தில் இது மிகவும் அவசியம். எம்.எம்.எம். என்ற முதலெழுத்துகளோடு ஒரே தெருவில் எத்தனை பேர்!

அடையாள அட்டை இலக்கத்தைப் போட்டால் குழப்பமே வராது என்று சிலர் நினைக்கிறார்கள். 2016 முதல் புதிய அட்டைகளுக்குப் பன்னிரண்டு இலக்கங்கள் வந்துவிட்டன. பழைய ஒன்பது இலக்க அட்டை வைத்திருந்தவர் புதியது எடுத்தால், ஒரே ஆள் இரண்டு ஆட்களாகப் பதிவாகலாம். அதோடு பன்னிரண்டு இலக்க எண்ணை எக்செல் நடுவில் ஓர் ஆங்கில எழுத்தைப் போட்டுச் சுருக்கிக் காட்டும். 077 என்று தொடங்கும் தொலைபேசி இலக்கத்தின் முதல் பூச்சியத்தை விழுங்கிவிடும். அந்த நிரல்களை எண்ணாக அல்லாமல் எழுத்தாக எடுத்துக்கொள்ளும்படி முன்கூட்டியே அமைத்துவிட வேண்டும்.

எல்லாக் கேள்விக்கும் கட்டாயம் என்று நட்சத்திரக் குறி போட்டால் முழு விபரமும் கிடைக்கும் என்பது இன்னொரு நம்பிக்கை. பதில் தெரியாத ரெப் வெயிலில் நின்றுகொண்டு என்ன செய்வார்? ஒரே இலக்கத்தைப் பத்துத் தடவை அழுத்திவிட்டு அடுத்த கேள்விக்குப் போவார். வெற்றிடம் இருந்தால் விபரம் இல்லை என்றாவது தெரியும், பொய் இலக்கத்தை யார் கண்டுபிடிப்பது?

பலர் கவனிக்காத விடயம், படிவம் யாருடைய கணக்கில் இருக்கிறது என்பது. வேலைக்கு வந்த பையன் தன் சொந்த ஈமெயிலில் செய்து தருவான். அவன் விலகிப் போகும்போது வாடிக்கையாளர் பட்டியலும் அவனோடு போய்விடும். கடையின் பெயரில் ஒரு கணக்கைத் திறந்து, கடவுச்சொல்லை முதலாளி வைத்துக்கொள்ள வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியிருக்கிறது. பிறருடைய விபரங்களைச் சேகரிப்பவருக்கு அவற்றைப் பாதுகாக்கும் கடமையும் உண்டு என்பதை அது சொல்கிறது.

சிக்னல் இல்லாத ஊர்களுக்குப் போகும் ரெப்மாருக்குக் கூகுள் படிவம் கைகொடுக்காது, அதற்கு இணையம் வேண்டும். 'கோபோ டூல்பொக்ஸ்' போன்றவை பதிலைப் போனிலேயே வைத்திருந்து, சிக்னல் கிடைத்ததும் அனுப்பும்.

கடந்த வாரம் நண்பரின் கடைக்குப் போய், மகன் செய்த படிவத்தைப் பார்த்தேன். இருபத்தாறு கேள்விகள்! வாடிக்கையாளரின் பிறந்த தினம் வரை இருந்தது. ஏன் என்று கேட்டால், "பின்னுக்குத் தேவைப்படும் அங்கிள்" என்கிறார் தம்பி. மூவரும் உட்கார்ந்து, ஒரு பழைய பில் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி எழுதி வெட்டி, எட்டுக் கேள்விகளுக்குக் கொண்டுவந்தோம். ஒன்பதாவதாக ஒன்றைச் சேர்க்கச் சொன்னேன்: ரசீது இலக்கம்.