தூளா, திரவமா? துணிக்கேற்ற சலவை



வசதியில்லாத குடும்பத்துப் பெண்களின் நிக்காஹ்வுக்கு இரவலாகக் கொடுக்க நம் அறக்கட்டளையில் சில பட்டுச் சேலைகளை வைத்திருக்கிறோம். சென்ற ஆண்டு திரும்பி வந்த ஒரு சேலையில் பிரியாணி எண்ணெய் பட்டிருந்தது. நாங்களே அதைச் சாதாரண சலவைத் தூளில் இரவு முழுக்க ஊறப் போட்டோம். காலையில் கறை போயிருந்தது. கூடவே பட்டின் மினுமினுப்பும் போயிருந்தது. முந்தானைச் சாயம் சேலை முழுவதும் இறங்கியிருந்தது. நெய்தவரின் பல நாள் உழைப்பும், நம்மை நம்பிக் கொடுத்தவரின் அமானிதமும் ஒரே வாளியில் வீணாயின. அடுத்தவருக்கு இது நேரக்கூடாது என்றுதான் இந்த மாதப் பாடமாக இதை எடுத்துக்கொண்டோம்.

“தூள் நல்லதா, திரவம் நல்லதா?” என்று பெண்கள் கூட்டத்தில் அடிக்கடி கேட்கிறார்கள். எல்லாத் துணிக்கும் ஒரே பதில் இல்லை. துணி, கறை, தண்ணீர் மூன்றையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இரண்டிலும் என்ன இருக்கிறது?

நம் பாட்டிமார் காலத்தில் உவர்மண்ணும் கட்டி சோப்பும்தான். இந்தியாவில் சர்ஃப் தூள் 1959-இல் வந்தது. 1969-இல் அகமதாபாத்தில் கர்சன்பாய் பட்டேல் நிர்மா தூளைத் தயாரித்து, சைக்கிளில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் குறைந்த விலைக்கு விற்றார். அதன் பிறகே தூள் சாதாரணக் குடும்பங்களுக்கும் எட்டியது. திரவம் பரவலானது வாஷிங் மெஷின் பெருகிய பிறகுதான்.

தூளில் அழுக்கு நீக்கும் பொருளோடு சலவைச் சோடாவும் கலந்திருக்கும். சோடா காரமானது, கடின நீரின் சுண்ணாம்புத் தன்மையைக் குறைத்து நுரைக்க உதவும். மண் கறைக்கும் வெள்ளைத் துணிக்கும் தூள் நன்றாக வேலை செய்வது இதனால்தான். திரவத்தில் பெரும்பகுதி தண்ணீர், காரம் குறைவு. எண்ணெய்க் கறையில் நேராகத் தடவலாம், குளிர்ந்த நீரிலும் திப்பி இல்லாமல் கரையும். இரண்டிலும் பல வகைகளில் ‘என்சைம்’ சேர்க்கிறார்கள். இரத்தம், பால், முட்டை போன்ற புரதக் கறைகளை அது சிதைத்து நீக்கும்.

பட்டுக்கு ஏன் ஆகாது?

பட்டும் ஒரு புரதம்தான். கறையை உண்ணும் என்சைம், இழையையும் விட்டுவைக்காது. காரத்தின் வேலை நம் நெசவாளர்களுக்குத் தெரிந்ததே. கச்சாப் பட்டைச் சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் வேகவைத்தால் மேல் பசை கரைந்து, நூலின் எடை ஏறக்குறைய கால்வாசி குறைகிறது. உள்ளிருக்கும் மென்மையான இழை அப்போதுதான் பளபளக்கிறது. பசை போன அந்த இழையை மறுபடியும் காரத்தில் ஊற வைத்தால், அடுத்து அரிபடுவது இழையேதான்.

ஆகவே பட்டுக்குச் சாதாரணத் தூளும் வேண்டாம், சாதாரணத் திரவமும் வேண்டாம். ஜரிகை அதிகமுள்ள சேலையை டிரை கிளீனிங் கொடுப்பதே பாதுகாப்பு. வீட்டில் அலசக்கூடிய எளிய பட்டென்றால், ஈரமான வெள்ளைத் துணியால் ஓர் ஓரத்தை ஒற்றிச் சாயம் ஒட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். ஒட்டாவிட்டால் ‘பட்டு, கம்பளிக்கு’ என்று குறித்த மென்திரவத்திலோ பூந்திக்கொட்டை நீரிலோ சில நிமிடம் மட்டும் அலசுங்கள். முறுக்கிப் பிழியாமல் நிழலில் உலர்த்துங்கள்.

அன்றாடத் துணிகளுக்கு

• வயல் மண், சேறு, வெள்ளைத் தொப்பி, ஜுப்பா: தூள். ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருந்தால், ஒரு மக்கு வெந்நீரில் தூளைக் கரைத்த பிறகே வாளியில் ஊற்றுங்கள். துணியில் வெள்ளைத் திட்டு படியாது.
• சமையல் எண்ணெய், காலர் அழுக்கு, வண்ணத் துணி: திரவம்.
• இரத்தக் கறை: குளிர்ந்த நீரில் உடனே அலசுங்கள். வெந்நீர் பட்டால் கறை துணியோடு இறுகிவிடும்.
• வாழைக் கறை: நம் பகுதித் தோட்டங்களில் வேலை செய்வோருக்குத் தெரியும், காற்றுப்பட்டுக் கறுத்துவிட்டால் தூளும் திரவமும் அதை முழுதாக எடுப்பதில்லை. ஈரமாக இருக்கும்போதே கழுவ வேண்டும். வேலைக்கென்று தனித் துணி வைத்துக்கொள்வது மேல்.
• கைச்சலவையில் தூள் கையை எரித்தால், காரம் அதிகம் என்று பொருள். அளவைக் குறையுங்கள், அல்லது திரவத்துக்கு மாறுங்கள்.

நுரையும் தஹாரத்தும்

தொழுகைக்கு ஆடை சுத்தமாக இருப்பது நிபந்தனை. நுரை அதிகம் வந்தால் துணி பாக் ஆகிவிட்டது என்று சிலர் எண்ணுகிறார்கள். நஜீஸை நீக்குவது தண்ணீர். தூளும் திரவமும் அதற்குத் துணை மட்டுமே. குழந்தையின் அசுத்தம் பட்ட துணியை முதலில் குழாயடியில் தனியாக அலசி நஜீஸைப் போக்கிவிட்டு, பிறகு மற்றத் துணிகளோடு மெஷினில் போடுங்கள். முயன்று கழுவிய பின்னும் போகாத நிறம் மட்டும் மிஞ்சினால் அது மன்னிக்கப்பட்டது என்பது ஃபிக்ஹுச் சட்டம். அந்த நிறத்துக்காக மூன்று முறை தூள் கொட்டுவது வீண்விரயம்.

செலவைக் கணக்கிடும் முறை

கிலோ விலையைப் பார்க்காமல், ஒரு சலவைக்கு என்ன செலவு என்று பாருங்கள். உதாரணத்துக்கு, ஒரு கிலோ தூள் 100 ரூபாய், ஒரு சலவைக்கு 50 கிராம் என்றால் 20 சலவை. ஒன்றுக்கு 5 ரூபாய். ஒரு லிட்டர் திரவம் 200 ரூபாய், ஒரு சலவைக்கு 40 மில்லி என்றால் 25 சலவை. ஒன்றுக்கு 8 ரூபாய். உங்கள் வீட்டுப் பொட்டலத்தின் விலையையும் அளவையும் போட்டு நீங்களே கணக்கிடலாம். கண்மதிப்பில் கொட்டாமல் ஒரு கரண்டி வைத்து அளந்தாலே மாதச் செலவு குறையும். அலசும் தண்ணீரும் மிச்சமாகும்.

ஓர் எச்சரிக்கை

சலவைத் திரவத்தைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தை ஜூஸ் என்று குடித்துவிடும். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள், 108-ஐ அழையுங்கள். கண்ணில் பட்டால் முதலில் 15 நிமிடம் சுத்தமான நீரால் கழுவுங்கள்.

எங்களால் பாழான சேலைக்குப் பதிலாக வேறொன்று வாங்கி வைத்துவிட்டோம். இனி இரவல் போகும் ஒவ்வொரு சேலையோடும் “வீட்டில் துவைக்க வேண்டாம், அப்படியே திருப்பித் தாருங்கள்” என்ற சீட்டையும் இணைக்கிறோம். கறையோடு திருப்பித் தரக் கூச்சப்பட வேண்டாம். கறையை நீக்க வழியுண்டு. இழை போனால் திரும்ப வராது.