சக்கோட்டாஷ்: மக்காச்சோளமும் அவரையும் கூடிய கறி

ஒரு தேசத்தாரின் சரித்திரத்தை அறிய விரும்புவோர் அவர்தம் அரசர் வரிசையையும் போர்க்களங்களையும் ஆராய்வது வழக்கம். அவர்தம் அடுப்பங்கரையை எட்டிப் பார்ப்பார் சிலரே. ஆயினும் மன்னர் பெயர் மறைந்து கோட்டைகள் மண்மேடான பின்னும் ஒரு ஜாதியாரின் உணவு மட்டும் அழியாது நின்று, அவர்தம் அறிவின் திறத்தைப் பின்வந்தோர்க்கு எடுத்துரைப்பதுண்டு. அத்தகைய உணவுகளுள் ஒன்று வட அமெரிக்காவில் சக்கோட்டாஷ் என வழங்கும் கறியாம். மக்காச்சோள மணியையும் அவரைக்கொட்டையையும் ஒருசேர வேகவைத்து ஆக்கும் எளிய துணைக்கறி இது. இதன் வரலாறு, தத்துவம், செய்முறை ஆகிய மூன்றையும் இக்கட்டுரையின்கண் முறையே விளக்கப் புகுகின்றோம்.

பெயரும் வரலாறும்

சக்கோட்டாஷ் என்பது ஆங்கிலச் சொற்போல வழங்கினும் ஆங்கிலமன்று. இன்று ரோட் ஐலண்டு என்னும் பெயருடைய கீழைக்கரை நாட்டில் தொன்றுதொட்டு வாழ்ந்துவரும் நாரகான்செட் மக்களின் பாஷையில் 'ம்சிக்குவாட்டாஷ்' என்றிருந்த சொல்லே இங்ஙனம் திரிந்தது. முழுமணியாக வேகவைத்த மக்காச்சோளம் என்பது அதன் பொருள். அச்சொல்லை எழுத்திற் பதித்தவர் ரோஜர் வில்லியம்ஸ் என்னும் போதகர். மனச்சாட்சியின் சுயாதீனத்தை வற்புறுத்தியமையால் மாசச்சூசெட்ஸ் குடியேற்றத்தினின்று துரத்தப்பட்ட அவர், நாரகான்செட் தலைவர்களிடம் நிலம் பெற்று, 1636-ல் பிராவிடன்ஸ் என்னும் ஊரை நிறுவினார். தமக்கு இடந்தந்த மக்களின் பாஷையைக் கற்று, 'அமெரிக்காவின் பாஷைக்கு ஒரு திறவுகோல்' எனப் பொருள்படும் நூலை 1643-ல் லண்டனில் அச்சிட்டார். நாம் கூறிய சொல் அந்நூலிற் காணப்படுவது.

ஆங்கிலேயர் இவ்வுணவினைக் கற்றுக்கொண்ட விதமும் கருதத்தக்கது. 1620-ல் பிளிமத் துறையில் இறங்கிய குடியேறிகளுள் ஏறக்குறையப் பாதிப்பேர் முதற் குளிர்காலத்திலேயே மாண்டனர். எஞ்சியோர்க்கு 1621-ம் ஆண்டு வசந்தகாலத்தில் மக்காச்சோளம் விதைக்கும் முறையையும், மீனை எருவாக இடும் முறையையும் கற்பித்தவர் டிஸ்குவாண்டம் என்பவர். அவரோ 1614-ல் ஆங்கிலக் கப்பல் தலைவனொருவனால் வஞ்சகமாய்ப் பிடிக்கப்பட்டு, ஸ்பெயின் தேசத்திற்கு விற்பனைக்குக் கொண்டுபோகப்பட்டவர். அங்கிருந்து தப்பி இங்கிலாந்து சேர்ந்து, பின்னர்த் தாயகம் மீண்டபோது, தம் ஊரார் கொள்ளைநோயால் அடியோடு அழிந்திருக்கக் கண்டார். அப்பாழூரின்மீதே பிளிமத் எழுந்தது. தம் ஊர் இருந்த மண்ணில் அந்நியர் உயிர்பிழைக்கும் வழியை அவர் காட்டினார்.

அவ்வுபகாரத்திற்குக் கைம்மாறு நன்றாக அமையவில்லை. 1675-ம் ஆண்டு டிசம்பர் 19-ல் குடியேறிகளின் சேனை நாரகான்செட் மக்களின் சதுப்புநிலக் கோட்டையைத் தாக்கி, நூற்றுக்கணக்கானோரைக் கொன்று, குளிர்காலத்திற்கென அவர் சேமித்துவைத்த தானியத்தையும் தீக்கிரையாக்கியது. ஏறத்தாழ நூறாண்டுகள் கழித்து, 1769-ம் ஆண்டு டிசம்பர் 22-ல், பிளிமத் நகரத்து ஓல்டு காலனி கிளப் என்னும் சங்கத்தார் தம் முன்னோரின் வருகையைக் கொண்டாட ஒரு விருந்து நடத்தினர். அவ்விருந்தில் பரிமாறிய பண்டங்களுள் சக்கோட்டாஷும் ஒன்று. கறி நிலைத்தது, அதனைக் கற்பித்தோரின் நினைவோ விருந்தினர் மனத்தில் மங்கிற்று. எனினும் நாரகான்செட் மக்கள் அழிந்துபோகவில்லை. 1983-ல் அமெரிக்க மத்திய அரசாங்கமும் அவர்களைத் தனி இனத்தாராக அங்கீகரித்தது.

நிலத்தில் அமைந்த கூட்டு

மக்காச்சோளமும் அவரையும் கலத்திற் கூடுமுன்னரே வயலிற் கூடியவை. ஹோடெனோஷோனி எனப்படும் இராக்குவாய் மக்கள் மக்காச்சோளம், அவரை, பூசணி ஆகிய மூன்றையும் 'மூன்று சகோதரிகள்' என்பர். சிறு மண்மேடுகளில் முதலில் மக்காச்சோளத்தை ஊன்றுவர். அது சற்று வளர்ந்தபின் அதனருகே அவரையையும், பின்னர்ப் பூசணியையும் இடுவர். சோளத்தட்டை அவரைக்குக் கொழுகொம்பாம். அவரையின் வேர்முடிச்சுக்களில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிர்க்கு உதவும் உரமாக மாற்றும். அவ்வுரத்தின் பெரும்பகுதியை அவரை தானே கொள்ளுமாயினும், அறுவடைக்குப்பின் இலையும் வேரும் மட்கும்போது நிலம் அதனைப் பெறுகின்றது. பூசணியின் அகன்ற இலையோ தரையை மூடி, ஈரத்தைக் காத்துக் களையை அடக்கும்.

உடலில் அமைந்த கூட்டு

நிற்க, இவ்விரண்டையும் சேர்த்துண்பதன் காரணம் யாது? நம் உடலைக் கட்டும் புரதம் அமினோ அமிலங்கள் எனப்படும் சிறுகூறுகளால் ஆயது. அவற்றுட் சிலவற்றை உடல் தானே ஆக்கிக்கொள்ளமாட்டாது. உணவினின்றே பெறல் வேண்டும். மக்காச்சோளத்தில் லைசின், டிரிப்டோபேன் என்னும் இரண்டும் குறைவு. அவரையிலோ லைசின் மிகுதி, மெத்தியோனின் குறைவு. மக்காச்சோளம் அக்குறையை ஒருவாறு நிரப்பும். ஒன்றன் குறையை மற்றொன்று நீக்கலால், தனித்தனி உண்பதினும் சேர்த்துண்பதே சிறந்ததாம்.

இவ்வுண்மையைப் புறக்கணித்ததன் பலன் கொடியதாயிற்று. மெக்சிக்கோ முதலிய நாடுகளின் பூர்வகுடிகள் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்துக் கழுவியபின்னரே அரைப்பர். வடபாலுள்ளார் பலர் மரச்சாம்பல் நீரைக் கொள்வர். தோலை நீக்குவதோடு, மணியினுள் பிணைப்புண்டு கிடக்கும் நயாசின் என்னும் உயிர்ச்சத்தையும் இம்முறை விடுவிக்கின்றது. ஐரோப்பியரோ தானியத்தைத் தம் நாட்டிற்குக் கொண்டுசென்றனர். அதனைப் பக்குவஞ்செய்யும் அறிவைக் கொண்டுசென்றிலர். மக்காச்சோள மாவையே பெரும்பான்மையும் உண்டு பிழைத்த ஏழைகளிடை ஒரு புதுநோய் தோன்றிற்று. தோல் வெடித்தல், வயிற்றுப்போக்கு, சித்தப்பிரமை, ஈற்றில் மரணம் என்பன அதன் குறிகள். 1735-ல் ஸ்பெயின் நாட்டு வைத்தியர் காஸ்பார் காசால் இதனைக் கண்டு விவரித்தார். பின்னர் இத்தாலியர் இதற்குப் பெல்லாக்ரா என்று பெயரிட்டனர்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென்னாடுகளிலும் இந்நோய் பரவிற்று. சோளமாவு, பன்றிக்கொழுப்பு, சர்க்கரைப்பாகு ஆகிய மூன்றையே தின்று காலங்கழித்த நூலாலைத் தொழிலாளரும் குடியானவரும் இதற்கு இரையாயினர். கிருமியே காரணமென்று பலர் சாதித்தனர். 1914-ல் அரசாங்கத்தாரால் நியமிக்கப்பட்ட டாக்டர் ஜோசப் கோல்டுபெர்கர், அநாதைச் சாலைகளிலும் பைத்திய சாலைகளிலும் உள்ளுறைவோர்க்கு நோய் காண, அவர்களைப் பேணும் ஊழியர்க்கு அது காணாமையை நோக்கினார். நோய் உணவின் குறையால் வருவதே என்று துணிந்தார். அநாதைச் சாலைப் பிள்ளைகட்குப் பாலும் முட்டையும் இறைச்சியும் அவரை முதலிய பருப்புவகையும் அளித்தபோது நோய் மறைந்தது. 1915-ல் மிசிசிப்பிச் சிறைப்பண்ணையொன்றில் விடுதலை வாக்களிக்கப்பட்ட கைதிகள் சிலர் குறையுணவை உண்ண இசைந்தனர். அவருட் சிலர்க்கு நோய் வெளிப்பட்டது. அங்ஙனமிருந்தும் பலர் நம்பாராயினர். ஏழ்மையே நோயின் வேரென ஒப்புக்கொள்ளத் தென்னாட்டுப் பெரியோர் பலர்க்கு மனம் இசையவில்லை. 1929-ல் கோல்டுபெர்கர் காலமானார்; 1937-ல் கான்ராடு எல்வெஜெம் நிக்கோடினிக் அமிலமே நோய் நீக்கும் சத்தென்பதை நிலைநாட்டினார். டிரிப்டோபேனிலிருந்தும் உடல் அச்சத்தை ஆக்கிக்கொள்ளுமெனப் பின்னர் அறியப்பட்டது. சுண்ணாம்பும் சாம்பலும் அவரையும் ஏன் வேண்டுமென்பதற்கு, பூர்வகுடிகளின் அடுப்பங்கரை வழக்கத்திற்கு, சாஸ்திரம் இங்ஙனம் நெடுங்காலம் தாழ்த்தே சான்று பகர்ந்தது.

செய்முறை

ஆறுபேர்க்குப் போதுமான அளவு கூறுகின்றோம். லீமா அவரைப் பச்சைக்கொட்டை 2 கோப்பை, இளஞ் சோளக்கதிர் 4, வெண்ணெய் 2 மேசைக்கரண்டி, பால் அரைக்கோப்பை, உப்பும் மிளகுப்பொடியும் வேண்டியமட்டும். பெருநாட்டுத் தலைநகராகிய லீமாவின் பெயர் பெற்ற இவ்வவரையே நம் நாட்டுச் சந்தைகளில் டபுள் பீன்ஸ் என விற்கப்படுவது.

முதலாவது, அவரையை நிறைந்த தண்ணீரிலிட்டு, மூடாத பாத்திரத்தில் 20 முதல் 25 நிமிஷம்வரை நன்றாய்க் கொதிக்கவைத்து, அந்நீரை வடித்து நீக்குக. பச்சை லீமா அவரையில் நஞ்சு பிறப்பிக்கும் பொருளொன்று உண்டாதலின், இதனை வேகாது உண்ணலாகாது.

இரண்டாவது, கதிரை உரித்து நிமிர்த்திப் பிடித்து, மணிகளைப் பாதியாழம் அரிந்தெடுத்து, பின்பு கத்தியின் முதுகால் கதிரை வழித்துப் பாலைச் சேர்க்க. கறிக்குக் கொழுமை தருவது அப்பாலேயாம். மணி நீங்கிய கதிர்த்தண்டை வீசியெறியாது, 2 கோப்பைத் தண்ணீரில் கால்மணி நேரம் கொதிக்கவைத்து அச்சாற்றை வடித்துக்கொள்க.

மூன்றாவது, வெந்த அவரையையும் மணியையும் சோளப்பாலையும் ஒன்றாக்கி, அவை மூழ்கும்மட்டும் சாற்றைவிட்டு, இளந்தீயில் 5 நிமிஷம் வேகவிடுக. வெண்ணெயும் பாலும் உப்பும் மிளகும் கூட்டி, பால் பொங்குமுன் இறக்குக.

கதிரைப் பறித்த அன்றே சமைத்தல் நன்று. பறித்தபின் அதன் இனிப்பு மாவாக மாறிக்கொண்டே வரும். தென்னாட்டார் தக்காளியும் வெண்டைக்காயும் சேர்ப்பர். அங்ஙனம் சேர்ப்போர் அவரை நன்றாய் வெந்தபின்னரே தக்காளியை இடுக. புளிப்பு முந்தின் அவரை எளிதில் வேகாது.

குளிர்காலத்தில் பச்சைக்கதிர் கிடையாதாகலின், தோல்நீக்கிய உலர்சோளத்தையும் உலர்ந்த அவரையையும் இரவு முழுதும் ஊறவைத்துச் சமைப்பர். பிளிமத் நகரத்தார் அதனோடு உப்பிட்ட மாட்டிறைச்சி, கோழி, கிழங்கு வகைகளும் கூட்டி முழுவுணவாகவே ஆக்குவர். சிறுநீரக வடிவினதாகிய சிவப்புப் பீன்ஸைக் கொள்வோர், ஊறிய நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீரில் அரைமணி நேரமாயினும் முழுக்கொதியில் வேகவிடல் அவசியம். இளஞ்சூட்டில் அரைவேக்காடாக உண்போர்க்கு வாந்தியும் வயிற்றுநோவும் உண்டாம்.

ஏனைய நாடுகளில்

இக்கூட்டு பல தேசங்களில் பல வேடங்கொண்டு நிற்கின்றது. செரோக்கி மக்கள் சோளமாவில் வெந்த அவரையைப் பிசைந்து, இலையிற் பொதிந்து வேகவைப்பர். நம் இலைக்கொழுக்கட்டையை ஒப்பது அது. சிலி தேசத்தார் புதிய அவரை, சோளம், பூசணி மூன்றையும் துளசியினத்துத் தழையொன்றோடு சேர்த்து 'பொரோட்டோஸ் கிரனாடோஸ்' ஆக்குவர். கெனியா நாட்டுக் கிக்குயு மக்களின் 'கிதேரி' உலர்சோளமும் அவரையும் வெந்த எளிய உணவு. அந்நாட்டுப் பாடசாலைப் பிள்ளைகள் பலர்க்கு மத்தியான போஜனம் அதுவே. தென்னாப்பிரிக்காவின் கோசா மக்கள் குற்றிய சோளத்தையும் அவரையையும் சேர்த்து 'உம்ங்குஷோ' சமைப்பர்.

முடிவுரை

மாணவ அன்பர்காள்! அரிசியிலும் லைசின் குறைவே. சோற்றோடு பருப்பும், இட்டலியில் உளுந்தும், பொங்கலில் பாசிப்பருப்பும் சேர்த்த நம் பாட்டிமார் அமினோ அமிலத்தின் பெயரைக் கேட்டவரல்லர். கடல்கடந்த நாரகான்செட் பெண்டிரும் கேட்டவரல்லர். இருவரும் தலைமுறை தலைமுறையாய்க் கண்டு தேறிய உண்மை ஒன்றே. எசேக்கியேல் தீர்க்கதரிசிக்கு முற்றுகைக்காலத்து அப்பமாகக் கற்பிக்கப்பட்டதும் தானியமும் பயறும் கலந்ததே என்பதை வேதம் வாசிப்போர் அறிவர்.

படிப்பு மிகுந்தோர் பழைய வழக்கத்தைக் கண்டவுடன் நகைப்பது எளிது. அதன் காரணத்தைப் பொறுமையோடு வினாவுதல் அரிது. தானியத்தைக் கைக்கொண்டு அறிவைக் கைவிட்டமையால் எத்தனையோ ஏழைகள் உயிரிழந்தனர். ஆதலின் பிறரிடம் ஒரு பொருளைப் பெறுமிடத்து, அதனைப் பயன்படுத்தும் முறையையும் தாழ்மையோடு கேட்டறிவோமாக. கற்பித்தோரின் பெயரையும் மறவாதிருப்போமாக. விடுமுறைக்கு இல்லம் செல்வோர் சக்கோட்டாஷை ஒருமுறை சமைத்து வீட்டாரோடு உண்க. உண்ணுங்கால், ஊரிழந்தும் பிறர்க்கு உணவு காட்டிய டிஸ்குவாண்டத்தின் கதையையும் அவர்களுக்கு எடுத்துரைக்க.