அரிசிக்குள்ளேயே பிறக்கும் வண்டு

அரிசி டின்னில் வண்டு ஓடினால் எங்கள் தாமானில் எல்லாரும் செய்வது ஒன்றுதான்: தட்டில் கொட்டி வெயிலில் வைப்பது. வண்டு ஓடிவிடும், சில வாரத்தில் திரும்பவும் வரும். அது வெளியிலிருந்து வருவதில்லை. பெண் வண்டு நீண்ட மூக்கால் அரிசியைத் துளைத்து, முட்டை வைத்து, துளையைப் பசையால் அடைத்துவிடும். புழு உள்ளேயே தின்று வளர்ந்து, நம் ஊர் வெக்கையில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் வண்டாகத்தான் வெளியே வரும். கடையில் பார்த்து வாங்கிய வெள்ளை அரிசிக்குள்ளும் அது இருக்கலாம்.

அதனால் நான் ஐந்து கிலோ பைக்கு மேல் வாங்குவதில்லை. வாங்கியதும் பையோடு ஐஸ்பெட்டியின் உறைபகுதியில் நான்கு நாள் வைத்தால் முட்டையும் புழுவும் செத்துவிடும். வெளியே எடுத்த பையை உடனே பிரிக்கக் கூடாது. குளிர் முழுக்க இறங்கட்டும், இல்லாவிட்டால் நீர் கோத்து அரிசி பூசணம் பிடிக்கும். பொங்கலுக்கு முன்னமே வாங்கி வைக்கும் பச்சரிசிக்கும் உளுந்துக்கும் இதே வைத்தியம்தான். பிறகு இறுக்கமான மூடியுள்ள டப்பா. பழைய அரிசியின் மேல் புதியதைக் கொட்டவே வேண்டாம். வசம்பு, வேப்பிலை, காய்ந்த மிளகாய் எல்லாம் வெளியே திரியும் வண்டைக் கொஞ்சம் விரட்டும், அவ்வளவுதான். அரிசிக்குள் இருக்கும் புழுவுக்கு வசம்பு வாசனை எட்டாது! சமையலறையில் பூச்சி ஸ்பிரே மட்டும் அடிக்காதீர்கள். வண்டு அரித்த அரிசியைப் புடைத்துக் கழுவிச் சமைக்கலாம். மருந்து பட்ட அரிசியை என்ன செய்வது?

வீட்டுக்குப் பின்னால் தென்னை வைத்திருப்பவர்களுக்கு அரிசி வண்டின் குடும்பத்திலேயே ஒரு பெரிய எதிரி உண்டு, சிவப்புக் கூன்வண்டு. மலேசியாவில் 2007இல் திரங்கானுவில் கண்டுபிடிக்கப்பட்டது. மரத்தில் காயம் பட்ட இடத்து வாசனைக்குத்தான் வந்து முட்டையிடும். ஆகவே ஏறுவதற்குப் படி வெட்டாதீர்கள். பச்சை மட்டையை வெட்டியே ஆகவேண்டுமென்றால் நான்கடிக் காம்பை விட்டு வெட்டுங்கள். காண்டாமிருக வண்டு குருத்தில் போடும் ஓட்டையும் இதற்கு வாசல்தான். அந்த வண்டு மக்கும் கட்டைகளில் பெருகும், பக்கத்துத் தோட்டத்தில் பழைய செம்பனையைச் சாய்த்து மறுநடவு செய்யும் காலத்தில் கூடுதல் கவனம் வேண்டும். குருத்து மட்டைக் கக்கங்களில் வேப்பங்கொட்டைத் தூளோடு இரண்டு பங்கு மணல் கலந்து போடலாம். தண்டில் பழுப்பு நீர் வடிந்தால், மென்று துப்பியதுபோல நார் தள்ளியிருந்தால், காதை வைத்துக் கேளுங்கள், உள்ளே கடிக்கும் சத்தம் வரும். கொண்டை சாய்ந்த மரம் பிழைக்காது. வெட்டிப் பிளந்து ஆழமாகப் புதைத்துவிட வேண்டும். சரவாக்கில் சேகோ மரத்திலிருந்து எடுத்து ருசித்துத் தின்கிறார்களே, அந்தப் புழுவும் இந்தக் கூன்வண்டு வகைதான். எனக்கு இன்னும் துணிச்சல் வரவில்லை.

மருந்துத் தெளிப்பானைத் தூக்கும்முன் ஒன்று. செம்பனையின் ஆண் பூவில் கூட்டமாக மொய்க்கும் பொடி வண்டும் கூன்வண்டுதான். கேமரூனிலிருந்து கொண்டுவந்து 1981இல் நம் ஜொகூரின் குளுவாங்கில் விட்டார்கள். அதற்குமுன் மகரந்தத்தைத் தோட்டத் தொழிலாளிகளே கையால் தூவ வேண்டியிருந்தது. வேலியோரம் செம்பனை பூத்திருந்தால் அந்தப் பக்கம் மருந்து அடிக்காதீர்கள்.